மூன்று சக்கர வண்டியும் என் இடது முழங்காலும்

கோயம்புத்தூரில் கட்டிலுக்கு வெளியே இரண்டு கால்களையும் தொங்கப்போட்டுத் தூங்கும் என் ஆறடி நான்கு அங்குல மகனுக்கு, உயரத்தில் உன்னைவிட ஓர் அங்குலம் குறைந்த, பெருமையில் உன்னைவிட ஒன்பது முழம் கூடின உன் அப்பா திண்டுக்கல்லிலிருந்து எழுதுவது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பம்புசெட் கம்பெனியில் உன்னை ஊர் ஊராக அனுப்பப் போகிறார்கள், தாராபுரம், தேனி, திருநெல்வேலி என்று மாதத்தில் இருபது நாள் சாலையிலேயே குடித்தனம், அதனால் மூன்று சக்கர வண்டி ஒன்று வாங்கப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறாய். ஒன்று, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் சாமான் போட இரும்புப் பெட்டி. இன்னொன்று, பட்டாளத்தில் ஓடி ஓய்ந்த மோட்டார் சைக்கிள், இடப்பக்கம் தொட்டில் மாதிரி ஒரு சைடு கார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ‘சைடு கார் வண்டிதான் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதில் உட்கார யார் இருக்கிறார்கள்? அம்மாவுக்குத்தான் சைடு காரில் ஏறினால் தலை சுற்றுமே. அதனால் பெட்டி வண்டியையே வாங்கிவிடுகிறேன்’ என்று முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். சொல்வதற்குள் நாலு ஊர் சுற்றுவேன், பொறுத்துக்கொள்.

உயரம் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வாலிபத்தில் சிறுமலையில் மழை பிடித்தால் ஊருக்குள் முதலில் நனைவது என் தலைதான். சந்தைக்கு வந்தவர்கள் மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் இந்த உலகத்தில் பஸ் என்று ஒன்றைச் செய்தவன் ஐந்தடிக்கு மேல் மனிதன் வளர மாட்டான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறான். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை மூட்டையோடு ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று கடை கடையாகப் போய் விற்ற காலத்தில், நின்றால் கூரை கழுத்தை ஒடிக்கும், உட்கார்ந்தால் முன் சீட்டுக் கம்பி முழங்காலைத் தின்னும். பொள்ளாச்சியில் இறங்கி ஒரு பர்லாங்கு தூரம் நடந்தால்தான் நான் மறுபடியும் மனித உருவத்துக்கு வருவேன். அப்படிப் பட்டு நொந்துதான் ஒருநாள் முடிவெடுத்தேன்: எனக்கென்று ஒரு வண்டி. மூட்டைக்கு இடம் வேண்டும், ஆகவே மூன்று சக்கரம். வாரநாளில் சைடு காரில் சேலை, விசேஷ நாளில் சைடு காரில் உன் அம்மா. முதலில் பழனி, ஒத்திகை. அப்புறம் நேராகக் கன்னியாகுமரி. உன் அம்மா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ‘அங்க தண்ணி அம்புட்டும் அசையுமாமே, நெசந்தானா?’ என்று கேட்டாள். ‘அசையிறதா? நீ வந்திருக்கேன்னு தெரிஞ்சா எந்திரிச்சு நிக்கும்’ என்றேன்.

வண்டி கிடைத்தது காதர் பாய் மூலம். தோல் கிட்டங்கி வைத்திருந்தாரே, உனக்குப் பிறந்தநாளுக்கு முதல் செருப்பு தைத்துக் கொடுத்தவர், அவர்தான். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன வண்டி. காதர் பாய் தன் கையாலேயே அதற்குப் புதுத் தோல் சீட்டு தைத்து, அதைத் தடவித் தடவிக் காட்டினார். நான் வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்து, மகாராஜா யானை பார்ப்பது மாதிரி பார்த்து, ‘எடுத்துக்கிறேன்’ என்றேன்.

‘அண்ணே, ஒரு தடவ ஏறி உக்காந்து பாத்துருங்கண்ணே’ என்றார்.

‘பூசை போடாத வண்டியில உரிமக்காரன் காலத் தூக்கிப் போடக்கூடாது பாய். எங்க வீட்டு வழக்கம்.’

‘தோலு நான் தச்சது, அதுக்கு நான் பொறுப்பு. காலு நீங்க வளத்தது. அதுக்கு யாரு பொறுப்பு?’

நான் கேட்கவில்லை. எனக்குப் பதிலாக உன் தாய்மாமன் வேலுச்சாமியை ஏற்றி விட்டேன். அவன் உயரம் உனக்குத் தெரியும். உளுந்து மூட்டைக்குப் பக்கத்தில் நின்றால் எது மூட்டை என்று கேட்க வேண்டும். ஒரு சுற்று போய் வந்து, ‘மச்சான், மெத்தயில படுத்த மாதிரி இருக்கு. அப்பிடியே டெல்லிக்குப் போயிட்டு வந்திரலாம்’ என்றான். ஐந்தடி மனிதனின் சுகத்தை நம்பி ஆறடி மூன்று அங்குல மனிதன் வண்டி வாங்கியது இந்தப் பூமியில் அன்று ஒருநாள்தான் நடந்திருக்கும். நடத்தியவன் நான்.

மாரியம்மன் கோயில் வாசலில் பூசை. இரண்டு சக்கரத்துக்கு இரண்டு, நாலு சக்கரத்துக்கு நாலு என்று எலுமிச்சம்பழம் வைத்துப் பழகிய பூசாரி, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு செத்த நேரம் யோசித்தார். தெருவே கூடியிருந்தது. ஒரு மாதமாக நான் அந்த வண்டியைப் பற்றி அளந்து விட்டது கொஞ்சமா? ‘முப்பது மைல் போனாலும் இடுப்பு இருக்கிறதே தெரியாது, படுத்துக்கிட்டே ஓட்டலாம், துரைமாரு அதுல தூங்கிக்கிட்டே கொடைக்கானல் ஏறுவாங்க’ என்றெல்லாம் சொல்லியிருந்தேன். மாலையோடு ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

இதைக் கவனமாகப் படி, உனக்கு உபயோகப்படும். சாதாரண மோட்டார் சைக்கிளில் நெட்டையன் இரண்டு முழங்காலையும் தவளை மாதிரி வெளியே விரித்துத் தப்பித்துக்கொள்வான். சைடு கார் வண்டியில் வலது காலுக்குத்தான் அந்த விடுதலை. இடது காலுக்குப் பக்கத்தில் சைடு காரின் இரும்பு விளிம்பு நிற்கும். விரிக்க முடியாது. கைப்பிடியை இடது பக்கம் திருப்பினால் பிடி நேராக முழங்காலில் வந்து முட்டும். கோயிலிலிருந்து நம் வீட்டுக்கு ஒரே ஒரு இடது திருப்பம். என்னால் திரும்ப முடியவில்லை. ஆகவே வலது பக்கமாகவே மூன்று தெரு திரும்பி வீடு சேர்ந்தேன். ஊர்க்காரர்கள் நான் ஊர்வலம் விடுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒருத்தர் பன்னீர் தெளித்தார். அத்தனை கைதட்டலுக்கு நடுவில் ‘இந்த வண்டி எனக்குச் சின்னது’ என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும் மகனே. அந்த நாக்கு எனக்கு அன்றைக்கு இல்லை.

ஆக, வண்டி பார்க்கப் போகும்போது செருப்போடு போகாதே, நீ ஓட்டும்போது போடுகிற பூட்ஸைப் போட்டுக்கொண்டு போ. உன் பாதத்துக்குப் பிரேக்கும் கியரும் இடம் கொடுக்கின்றனவா என்று அப்போதுதான் தெரியும். ஏறி உட்கார்ந்து கைப்பிடியை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பு. முழங்காலில் படக்கூடாது, தீப்பெட்டி நுழையும் இடைவெளி போதாது, உள்ளங்கை நுழைய வேண்டும். ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்துவிட்டு ‘சுகம்’ என்று சொல்லாதே. ஒரு நிமிஷத்துக்கு முள்வேலியும் சுகம்தான். ஒரு மணி நேரம் உட்கார். சீட்டின் சுருள்கம்பி இருபது மைலில் இரண்டு அங்குலம் இறங்கும், அது இறங்கினால் உன் முழங்கால் இரண்டு அங்குலம் ஏறும். சைடு காரில் பாரம் ஏற்றி ஓட்டிப் பார். வேகம் கூட்டினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். அதைப் பிடித்து நிறுத்தப் பிடி அகலமாக இருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். கால்வைக்கும் கட்டையைக் கீழே இறக்கி முன்னால் தள்ளிப் பற்றவைத்துத் தர முடியுமா என்று பட்டறைக்காரரிடம் கேள். பெட்டி வண்டியில் இன்னொரு சங்கடம்: பெட்டி உன் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கும், சீட்டைப் பின்னால் தள்ளவே முடியாது. உன் முதுகை யார் அளந்து செய்த பெட்டி அது? சைடு கார் வண்டியில் சீட்டை நாலு அங்குலம் பின்னுக்கு வைக்கலாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு அங்குலத்துக்கும் என் இடது முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பழனிக்குக் கிளம்பினோம். உனக்கு அப்போது எட்டு வயது, வேலு மாமன் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம், நீ தெருமுனைவரை அழுதுகொண்டு ஓடிவந்தாய். உன் அம்மா தலைக்கு நீலச் சுங்குடித் துண்டைக் கட்டிக்கொண்டு சைடு காரில் உட்கார்ந்த அழகு இருக்கிறதே! ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் பாட ஆரம்பித்தாள். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி வண்டிக்காரர்களுக்கெல்லாம் கையாட்டினாள். அவளுக்குத் தலை சுற்றவில்லை. இதைக் கொட்டை எழுத்தில் எழுதியதாக வைத்துக்கொள். அவளுக்குத் தலை சுற்றவே இல்லை. எனக்குத்தான் இடுப்புக்குக் கீழே ஒன்றும் என்னுடையதாக இல்லை.

ஆயக்குடியில் கொய்யாக்கூடை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. நான் பதறிப்போய்க் கைப்பிடியை இடது பக்கம் ஒடித்தேன். வண்டி நின்றது. கைப்பிடி என் முழங்காலுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கீழே சைடு கார் விளிம்பு, மேலே கைப்பிடி, நடுவில் என் கால். இழுத்தேன், வரவில்லை. தள்ளினேன், போகவில்லை. முப்பத்தைந்து மைல் மடங்கியிருந்த கால் உரல் மாதிரி வீங்கியிருந்தது. எலி கூடப் பொறியில் இதைவிடக் கௌரவமாக மாட்டும்.

கொய்யாக்கார அம்மா ஒருத்தி கூடையோடு வந்தாள். ‘ஏனுங்க, எறங்கி வந்து ஒரு பழம் தின்னு பாருங்க. சர்க்கரயாட்ட இருக்கும்.’

‘இங்கயே குடும்மா.’

‘மரத்தடி நெழலு இருக்குதுங்க. வெயில்ல எதுக்குங்க உக்காந்துட்டு?’

‘எனக்கு வெயில் பிடிக்கும்.’

கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. மூன்று டஜன் கொய்யா வாங்கிவிட்டேன். கூட்டம் சேர்ந்தது. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, ‘ஏனுங்க, மலைக்குப் போற வரைக்கும் வண்டிய விட்டு எறங்கறதில்லைன்னு ஏதாச்சும் வேண்டுதலுங்களா?’ என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. உன் அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் முழங்காலைப் பார்த்தாள். ‘அம்மாடி, தல சுத்துது’ என்று சொல்லி அப்படியே அந்தக் கொய்யாக்காரம்மா தோளில் சாய்ந்துவிட்டாள்.

கூட்டம் அத்தனையும் அவள் பக்கம் போய்விட்டது. கயிற்றுக் கட்டில் வந்தது, மோர் வந்தது, ஆறு பெண்கள் விசிறினார்கள், ஒருத்தி எலுமிச்சம்பழத்தை மூக்கில் தேய்த்தாள். ‘மூணு சக்கரத்துல வந்தா சுத்தாம என்னங்க பண்ணும்?’ என்றாள் ஒரு கிழவி. என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. வேட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காலை இழுத்தேன். தோல் உரிந்து கால் வந்தது. கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, கால் வந்துவிட்டதா என்று பார்த்தாள். வந்துவிட்டது என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து, ‘இப்பத் தேவலங்க’ என்றாள்.

அங்கிருந்து பழனி மலை கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஆனால் என்னால் அதற்கு மேல் முடியவில்லை. இடது காலைத் தூக்கிச் சைடு காரின் மூக்கின்மேல் வைத்து, கால் பிரேக்கை மறந்து கைப் பிரேக்கை மட்டும் நம்பி, உன் அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் என் பாதத்தை நீட்டிக்கொண்டே திண்டுக்கல் திரும்பினேன். தெருவில் நுழைந்ததும் காதர் பாய் முதற்கொண்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். ‘என்னண்ணே, பழனி போகாமத் திரும்பிட்டீக?’

மகனே, அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ‘கால் மாட்டிக்கிச்சு’ என்று சொல்லியிருந்தால் ஊர் ஒரு மாதம் சிரித்திருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னது, ‘அவளுக்குத் தலை சுத்திருச்சு.’ ஆயக்குடியில் அவள் எனக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த பொய்யை நான் பன்னிரண்டு வருஷம் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? என் குணம் உனக்குத் தெரியாதா? மறுநாள் ‘ரெண்டு தடவ மயங்கிட்டா’ என்றேன். அடுத்த வாரம் அது ஏழு தடவை ஆயிற்று. வண்டியை நத்தம் பக்கத்துப் பால்காரருக்கு விற்றபோது, ‘இவ உசிருக்காகத்தான் விக்கிறேன், இல்லாட்டி இந்தச் சுகத்த யாரு விடுவா?’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பால்காரர் உயரம் ஐந்தடி. அவரும் வண்டியும் அமோகமாக வாழ்ந்தார்கள்.

மாட்டிக்கொண்டது நான் மட்டும் என்று நினைத்தேன். அவளையும் உள்ளே போட்டு அடைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். நாகர்கோவிலில் அவள் அக்கா மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? உறவெல்லாம் சேர்ந்து வேன் பிடித்தோம். அவள் இரண்டு சேலையை மடித்து மூட்டை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ‘அக்காவுக்கு ஒத்துக்காது, பாவம், வழியில மயக்கம் போட்டா என்ன செய்ய? விட்டுட்டுப் போவோம்’ என்றான் வேலுச்சாமி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேனின் சக்கரத்தைப் பார்த்தேன். அவள் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கல்யாணம் முடிந்து எல்லோரும் கன்னியாகுமரி போனோம். நான் அவளுக்கு ஒரு பொட்டலம் வண்ண மணல் வாங்கி வந்தேன். வாங்கி, முகர்ந்து பார்த்து, அலமாரியில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. உன்னைக் கோயம்புத்தூருக்கு வேலைக்கு அனுப்பியபோதும் பஸ் நிலையம் வரைதான் வந்தாள். நீ இருக்கும் அறையை அவள் பார்த்ததில்லை. இப்போது நீயும், ‘அம்மாவுக்குத்தான் தலை சுற்றுமே’ என்று எழுதிவிட்டாய். நீ பெட்டி வண்டி வாங்கினால் என் பொய்க்கு இரும்பில் மூடி போட்டது மாதிரி ஆகிவிடும்.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் உன் அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். மூன்றாம் தடவை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எதிரில் வந்து நின்றாள். ‘மகனுக்கு எழுதுறீகளா, மகாபாரதம் எழுதுறீகளா? சோறும் வெஞ்சனமும் ஆறிப்போச்சு.’

தப்பிக்க வழியில்லை. உட்காரச் சொல்லி முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். உளுந்து மூட்டைக்குச் சிரித்தாள். பூசாரிக்குச் சிரித்தாள். கொய்யாக்கார அம்மாவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘நீயாவது ஒரு தடவ சொல்லியிருக்கலாமே’ என்றேன்.

‘மொத நாளு உங்களுக்காகச் சொன்னேன். ரெண்டாம் நாளு நீங்களே நெசத்தச் சொல்லுவீகன்னு இருந்தேன்.’

‘பெறகு?’

‘பெறகு என்ன. பன்னெண்டு வருசம் இருந்தேன்.’

அவள் எழுந்து போய் அந்த மணல் பொட்டலத்தை எடுத்து வந்து இந்தக் கடிதத்தின்மேல் பாரமாக வைத்தாள். ‘எழுதுங்க, நான் சொல்லுறேன்’ என்றாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துக்கூட என்னுடையது இல்லை: ‘ஏலே அப்பு, சைடு கார் வண்டிய வாங்கு. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி நான் வந்து உக்காந்து பாக்கணும். பூசையெல்லாம் பெறகு. வெள்ளிக்கிழம காலப் பஸ்ஸுல வாரேன், ஒத்தையிலதான் வாரேன். ஸ்டாண்டுல வந்து நில்லு. உங்கப்பா வரமாட்டாக. அவுகளுக்கு இங்க வேல இருக்கு.’

என் வேலை என்ன என்று கேட்டேன். தனக்குத் தலை சுற்றும் என்று யார் யாரிடம் பொய் சொன்னேனோ அவர்களிடமெல்லாம் போய் நிஜத்தைச் சொல்ல வேண்டும், காதர் பாய் கடையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள். ஏழு மயக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க வேண்டுமாம். நாளைக்குக் காலையில் கிளம்புகிறேன். ஊர் பெரியது, முழங்கால் மடங்காது, முடிய ஒரு வாரம் ஆகும்.

வெள்ளிக்கிழமை நீ உட்கார்ந்து பார்க்கும்போது அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார். சைடு காரின் முன் பலகை அவள் கால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கண்ணாடியின் விளிம்பு அவள் கண்ணை மறைக்கக்கூடாது. கடல் தெரிய வேண்டும். பட்டறைக்காரர் கேட்டால் சொல்வதற்கு அளவு தருகிறேன். அவள் உயரம் நாலடி பதினொன்றரை அங்குலம். இருபத்தைந்து வருஷமாக என் உயரத்தையே பேசிக்கொண்டிருந்தவனுக்கு அவளுடையது தெரிந்திருக்கவில்லை. இப்போதுதான் சுவரோரம் நிற்கவைத்து நாடா பிடித்து அளந்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.